மார்ட்டின்ஸ்வில் சுவரும் ஒரு நாஸ்கார் ஆட்டமும்

என் முகநூல் நண்பர்களில் பாதிப் பேருக்கு நாஸ்கார் என்றால் என்னவென்றே தெரியாது என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாஸ்கார் என்பது அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பு; அந்தப் பந்தயத்துக்கும் அதே பெயர்தான். அதன் பெயரில் வந்த ஒரு வீடியோ ஆட்டத்தைப் பற்றிப் பல நாட்களாக மனத்துக்குள் வைத்திருந்த ஆதங்கம் இது.

வட கரோலினாவின் சார்லட் நகருக்கு வேலைக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சாலையில் ஓடும் கார்களின் தோற்றத்தில் கட்டிய பந்தயக் கார்கள் ஓடும் ஸ்டாக் கார் பந்தயம் இந்த வட்டாரத்துக்கு, மதுரைக்காரர்களுக்கு ஜல்லிக்கட்டு மாதிரி. பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் சார்லட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன. அரை மணி நேரம் கார் ஓட்டினால் கன்னாபொலிஸ் வந்துவிடும். புகழ்பெற்ற நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் பிறந்த ஊர் அது. அங்கே நடுத்தெருவில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தலைவர்களுக்கு வைப்பதைப் போல, கைகட்டி நிற்கும் சிலை.

வந்த புதிதில் எனக்கும் இந்தப் பந்தயம் பிடிபடவில்லை. இடப்பக்கமாகவே நாற்பது கார்கள் சுற்றிச் சுற்றி வருவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிடிபட வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கன்னாபொலிஸ் நூற்பாலையில் வேலை பார்த்தவர். 2003-இல் ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்களோடு அவருக்கும் வேலை போனது. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ‘நாஸ்கார் ரேசிங் 2003 சீசன்’ என்ற கணினி ஆட்டத்தை அவர் இன்றும் ஆடுகிறார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு தச்சு மேசை, அதில் இறுக்கிக் கட்டிய ஸ்டீயரிங், பழைய கணினி ஒன்று. என்னை உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு டயரின் சத்தத்தை மட்டும் கேட்கச் சொன்னார். வளைவில் கார் நுழையும்போது டயர் முதலில் முனகும். அந்த முனகல் கீச்சென்று ஏறுவதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பத்து லேப் (சுற்று) போனால் அதே வளைவில் அதே சத்தம் கொஞ்சம் சீக்கிரமாகவே வரும். வலப்பக்க டயர் தேய்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். டயர் தேய்வதைக் காதால் தெரிந்துகொள்ள முடியும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்தபோது, டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நிறுத்தும் பிட்டுக்குள் ஓட்டுநர்கள் ஏன் வருகிறார்கள், ஏன் வராமல் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு விளங்க ஆரம்பித்தது.

பந்தயக் காரில் உட்காரும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது? சிறுவர்களுக்கான கோ-கார்ட் பந்தயத்துக்கே பெற்றோர் பணத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்குக் கணினி ஆட்டம்தான் வாசல். இதே சார்லட்டில் பிறந்த வில்லியம் பைரன், வீட்டில் உட்கார்ந்து ஐரேசிங் என்ற கணினிப் பந்தயத்தில் பழகிய பிறகே உண்மையான காருக்கு வந்தவர். 2024, 2025 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில், நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500-ஐ வென்றார். கொரோனா காலத்தில் டிராக்குகள் பூட்டிக் கிடந்தபோது, 2020 மார்ச்சில் நாஸ்கார் தன் ஓட்டுநர்களையே கணினி முன் உட்கார வைத்துப் பந்தயம் நடத்தித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. முதல் பந்தயத்தில் நாஸ்கார் ஓட்டுநர் டென்னி ஹாம்லின் வென்றார். ஆட்டத்துக்கும் பந்தயத்துக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு உள்ள விளையாட்டு வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படிப்பட்ட விளையாட்டின் அதிகாரபூர்வ ஆட்டமாக 2021 அக்டோபரில் வந்ததுதான் ‘நாஸ்கார் 21: இக்னிஷன்’. வெளியிட்டது மோட்டார்ஸ்போர்ட் கேம்ஸ் நிறுவனம். அட்டையில் நாஸ்கார் ஓட்டுநர் சேஸ் எலியட். கூடுதல் விலைப் பதிப்பில் அவருடைய தந்தையும் பழைய ஓட்டுநருமான பில் எலியட். அதை வாங்கியவர்களுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஆடும் வாய்ப்பு. பழைய ‘நாஸ்கார் ஹீட்’ வரிசை ஆட்டங்களைக் கைவிட்டு, கார் ஓடும் விதத்துக்கு ஆர்ஃபேக்டர் தொழில்நுட்பமும் காட்சிக்கு அன்ரியல் எஞ்சினும் சேர்த்துப் புதிதாகக் கட்டியிருக்கிறோம் என்றார்கள். கேட்கவே இனித்தது. காரின் ஓட்டம் உண்மைக்கு நெருங்கி வரும் என்று ரசிகர்கள் ஏங்கிக் கிடந்த நேரம் அது.

வெளிவந்த நாளிலேயே ஏமாற்றம் கோபமாக வெடித்தது. முன்பணம் கட்டி, கூடுதல் விலை கொடுத்து, இரண்டு நாள் முன்னதாக உள்ளே போனவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். மிக அதிகம் நம்பியவர்களே மிக அதிகம் நொந்தார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் விமர்சனங்களில் பெரும்பாலானவை எதிர்மறையாகவே குவிந்தன. மஞ்சள் கொடி விழுந்தால் ஆட்டம் தடுமாறுகிறது, கணினி ஓட்டும் கார்கள் முன்னால் இருப்பவரைப் பார்க்காமலே வந்து மோதுகின்றன, ஸ்டீயரிங் சரியாக இணையவில்லை என்று ஆட்டக்காரர்கள் காணொளி காணொளியாகப் போட்டார்கள். அடுத்தடுத்துத் திருத்த அப்டேட்டுகள் வந்தன. 60 டாலர் கொடுத்தவர்களின் வேலை ஆடுவதா, பிழை கண்டுபிடித்துச் சொல்வதா?

மஞ்சள் கொடிதானே, அதில் என்ன பெரிய குடி முழுகிவிட்டது என்று பந்தயம் பார்க்காதவர்கள் கேட்கலாம். நாஸ்காரின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒரு கார் சுவரில் மோதுகிறது. மஞ்சள் கொடி விழுகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கார் முன்னால் வர, அதன் பின்னால் எல்லோரும் வரிசை கட்டுகிறார்கள். அரை மைல் முன்னிலை வைத்திருந்தவரின் உழைப்பு அந்த நொடியில் கரைந்துபோகிறது. பிட்டுக்குள் போவதா, வெளியிலேயே நிற்பதா? நான்கு டயர் மாற்றுவதா, இரண்டு போதுமா? லேப் பின்தங்கியவர்களில் முதலில் இருப்பவருக்கு அந்த லேப் திரும்பக் கிடைக்கிறது. பிறகு இரண்டிரண்டு பேராக வரிசையில் நின்று மறுபடி புறப்பாடு. எஞ்சிய பந்தயத்தின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. இதைச் சரியாகச் செய்யாத நாஸ்கார் ஆட்டம், உப்பில்லாத சாம்பார். காய்கறி எவ்வளவு அழகாக நறுக்கியிருந்தாலும் வாயில் வைக்க முடியாது.

இல்லாமல் போனவற்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஹீட் 5-இல் நாஸ்காரின் உச்சநிலையான கப் பந்தயத்தோடு, அதற்குக் கீழ்நிலைகளான எக்ஸ்ஃபினிட்டி, டிரக், மண் தரைப் பந்தயம் என்று நான்கு வகைகள் இருந்தன. கீழ்நிலையில் தொடங்கி மேலே ஏறி வரலாம். இக்னிஷனில் கப் மட்டும்தான். கீழே தொடங்கி ஏறி வருவதுதான் இந்த விளையாட்டின் கதை. பெரும்பாலான ஓட்டுநர்கள் அப்படி வந்தவர்கள்தான். அந்தப் படிக்கட்டையே பெயர்த்து எடுத்துவிட்டு மாடியை மட்டும் விற்றார்கள்.

நானும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன்தான். அதனால் உள்ளே உட்கார்ந்து நிரல் எழுதியவர்கள்மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. நாற்பது கார்கள், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு நெருங்கிய வேகம், ஒரு காரின் காற்று இன்னொன்றை இழுப்பதும் தள்ளுவதும், 33 டிகிரி சாய்ந்து நிற்கும் டாலடேகா டிராக்கின் வளைவுகள். இவ்வளவையும் ஒரே நேரத்தில் கணக்கிடுவது விளையாட்டான காரியம் இல்லை. ஆர்ஃபேக்டரை உருவாக்கி வந்த ஸ்டூடியோ 397-ஐ மோட்டார்ஸ்போர்ட் கேம்ஸ் வாங்கியதே 2021 ஏப்ரலில்தான். ஆட்டம் கடைக்கு வந்தது அக்டோபரில். இடையில் ஆறு மாதம். புது எஞ்சினோடு மல்லுக்கட்டிய எவரையும் கேட்டுப் பாருங்கள், அந்த ஆறு மாதம் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்வார்கள். நிறுவனம் அதே ஆண்டு ஜனவரியில்தான் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 20 டாலர் என்ற விலையில் நுழைந்திருந்தது. ஆட்டம் பழுக்கும்வரை தேதி காத்திருக்கவில்லை. இந்த முடிவை எடுத்தவர்கள் நிரலாளர்கள் இல்லை.

2022-இல் புதிய தலைமுறைக் கார் வந்தது. சக்கரத்துக்கு ஐந்து நட்டுகளுக்குப் பதில் நடுவில் ஒரே நட்டு, ஐந்து கியர், எல்லாமே புதிது. நாஸ்காரில் பல ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய மாற்றம். பிப்ரவரியில் டேட்டோனாவில் அந்தக் கார் ஓடியது. பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டு புதிய ஆட்டமே வரவில்லை. இக்னிஷனுக்கே கூடுதல் தொகுப்பாக அந்தக் கார் வந்தது, அதுவும் அக்டோபரில். அந்த ஆண்டின் பந்தயப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் முடிந்தது. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும் நேரத்தில் பத்திரிகை வந்து சேர்ந்ததைப் போல.

அதே அக்டோபர் மாதத்தின் 30-ஆம் தேதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை என்னால் முடிக்க முடியாது.

வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில். அரை மைலை ஒட்டிய, காகிதக் கிளிப் வடிவத்தில் இருக்கும் குட்டி டிராக். கடைசி லேப். ஃபுளோரிடாவில் தர்பூசணி விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்த ராஸ் சாஸ்டெய்ன் பத்தாம் இடத்தில் இருக்கிறார். இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற இன்னும் இரண்டு இடம் முன்னேற வேண்டும். ஒழுங்கு முறையில் ஓட்டினால் அதற்கு வழியே இல்லை. பின்பக்க நேர்ப்பாதையில் ஐந்தாவது கியருக்கு மாற்றுகிறார். எல்லோரும் பிரேக் பிடிக்கும் இடத்தில் இவர் பிடிக்கவில்லை. காரை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி, சுவரே காரைத் திருப்பட்டும் என்று விட்டுவிட்டார். பொறி பறக்க ஐந்து கார்களை ஒரே வளைவில் தாண்டினார். அந்த லேப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 18.845 விநாடி. அந்த டிராக்கில் எந்த ஸ்டாக் காரும் அதற்கு முன் அவ்வளவு வேகமாக ஒரு சுற்று ஓடியதில்லை. பெரியவரும் நானும் சோபாவிலிருந்து எழுந்து நின்றிருந்தோம். எப்போது எழுந்தோம் என்று இருவருக்கும் தெரியாது.

எங்கே கற்றாய் என்று கேட்டதற்குச் சாஸ்டெய்ன் சொன்ன பதில்தான் முக்கியம். சிறு வயதில் தம்பியோடு கேம்கியூப் என்ற ஆட்டக் கருவியில் ‘நாஸ்கார் 2005’ ஆடும்போது செய்து பார்த்த வித்தை அது. இனி இப்படிச் செய்தால் தண்டனை உண்டு என்று நாஸ்கார் அடுத்த ஜனவரியில் அறிவித்துவிட்டது. பாதுகாப்பைக் கருதினால் அது சரிதான். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு பையன்கள் ஆடிய ஆட்டம், ஒருவனை இறுதிப் போட்டிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த நாளில் கடையில் இருந்த அதிகாரபூர்வ ஆட்டம் எந்தப் பையனுக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கும்?

என் கோபம் முழுவதும் உரிமத்தின்மீதுதான். நாஸ்கார் தன் பெயரை ஒரே நிறுவனத்துக்கு மட்டும் எழுதிக்கொடுக்கிறது. வேறு யாரும் அந்தக் கார்களையும் ஓட்டுநர்களையும் வைத்து அப்படியோர் ஆட்டத்தைச் செய்து கடைக்குக் கொண்டுவர முடியாது. அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களும் இதே வலையில் சிக்கியவர்கள்தான். தெருவில் ஒரே ஒரு மளிகைக் கடை இருந்து, அதில் புழுத்த அரிசி விற்றால் என்ன செய்வது? பட்டினி கிடக்கலாம், அல்லது அதையே வாங்கிப் புடைத்துத் தின்னலாம். பெரியவர் ஆடும் 2003 ஆட்டத்தின் கதையும் இதுதான். அதைச் செய்த பப்பைரஸ் குழு நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே உரிமம் முழுவதும் இஏ என்ற பெரிய ஆட்ட நிறுவனத்துக்குப் போனது. அந்த வரிசை அதோடு நின்றது. அதனால்தான் ரசிகர்கள் இருபது ஆண்டுகளாகத் தாங்களே புதிய கார்களையும் டிராக்குகளையும் வரைந்து சேர்த்து அந்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பப்பைரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் கேமர்தான் பிறகு ஐரேசிங்கைத் தொடங்கினார்.

பெயரை விற்ற பிறகு தரத்தைக் கேட்கும் கடமை பெயர்க்காரருக்கு இல்லையா? பந்தயத்தன்று காரின் ஒவ்வோர் அங்குலத்தையும் அளந்து பார்த்து, விதி மீறியிருந்தால் இடத்தையே பறிக்கும் அமைப்பு நாஸ்கார். அந்த மார்ட்டின்ஸ்வில் பந்தயத்தில்கூட பிராட் கெசலோஸ்கியின் கார் எடை குறைந்திருந்தது என்று தகுதிநீக்கம் செய்தார்கள். அதே கண்டிப்பில் நூறில் ஒரு பங்கு இந்த ஆட்டத்தின்மேல் காட்டியிருந்தால் போதும். நான்கு ஓட்டுநர்களை ஒரு வாரம் உட்கார வைத்து ஆடச் சொல்லியிருந்தால், மஞ்சள் கொடியின் கோளாறு முதல் மாலையிலேயே தெரிந்திருக்கும்.

2023 அக்டோபரில் உரிமம் ஐரேசிங் கைக்கு மாறியது. 2024 முடிவோடு இக்னிஷன் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2025 அக்டோபரில் ஐரேசிங் தன் ‘நாஸ்கார் 25’ ஆட்டத்தை வெளியிட்டது. தொடக்கநிலைத் தொடரான ஆர்க்கா, டிரக், எக்ஸ்ஃபினிட்டி, கப் என்று பிடுங்கப்பட்ட படிக்கட்டு திரும்பி வந்திருக்கிறது. மனதாரச் சந்தோஷப்படுகிறேன். ஆனாலும் கடை இப்போதும் ஒன்றுதான். கடைக்காரர் மட்டுமே மாறியிருக்கிறார்.

பெரியவரின் பேரனுக்கு அடுத்த வாரம் பிறந்தநாள். பன்னிரண்டு வயது. மார்ட்டின்ஸ்வில் காணொளியை நூறு தடவையாவது பார்த்திருப்பான். புதிய ஆட்டத்தைப் பரிசாக வாங்கித் தரட்டுமா என்று நேற்று அவரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். “மற்றவர்கள் இன்னும் ஒரு மாதம் ஆடட்டும், என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்கலாம்” என்றார்.