சிந்திய பழைய ஆயிலைச் சோப்பு போட்டுக் கழுவலாமா?

'சிந்திய பழைய என்ஜின் ஆயிலில் சோப்புத்தூளைத் தூவித் தண்ணீர் அடித்தால் கரைந்து மறைந்துவிடும்' என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. சோப்பு ஆயிலை அழிப்பதில்லை, நுண்துளிகளாக உடைக்கிறது. அதிலுள்ள உலோகத்துகள்களோடு அது வடிகால் வழியே நீர்நிலைக்குப் போகிறது. அப்புறம் திரும்ப எடுப்பது மிகக் கடினம்.

முதலில் கசிவை நிறுத்துங்கள். வடிகால் வாயைச் சுற்றி மணல் அணை போடுங்கள். துடைப்பதைவிட இதுதான் அவசரம். பிறகு ஓரத்திலிருந்து நடுநோக்கி மரத்தூளோ உலர்மணலோ கொட்டி, ஊறியதும் கையுறையோடு அள்ளி, மூடியுள்ள டப்பாவில் அடையுங்கள். குப்பையில் போடாமல் அபாயக் கழிவு சேகரிப்பிடத்தில் கொடுங்கள்.

வடிகாலிலோ மண்ணிலோ இறங்கிவிட்டால் உள்ளாட்சிக்கோ மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கோ உடனே இடம், நேரம், தோராய அளவு சொல்லுங்கள். ஆயிலின் பாதுகாப்புத் தரவுத்தாளில் (SDS, அதைத் தயாரித்த நிறுவனம் தரும் பாதுகாப்புக் குறிப்பு) 6-ஆம் பிரிவைப் பார்த்து, சிந்தினால் செய்யவேண்டியதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.