மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை

நேற்று திங்கட்கிழமை இங்கே அரசு விடுமுறை. நவம்பர் 23 ஜப்பானில் கின்ரோ கன்ஷா நோ ஹி, அதாவது உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள். 2025இல் அது ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்துவிட்டதால் மறுநாளும் லீவு. தீபாவளி ஞாயிறன்று வந்தால் காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே வளர்ந்த கூட்டம் நாம். ஜப்பானைப் பிடித்துப்போக இந்த ஒரு சட்டமே போதும்.

வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து இலையுதிர் காலச் சிவப்பு இலைப் படங்கள். நிக்கோ போனவர்கள், ககோனே போனவர்கள், தோக்கியோவில் எங்கள் நிஷிகசாயிலேயே பூங்காவில் நின்றுகொண்டு கியோத்தோ மாதிரி படம் எடுத்தவர்கள். நான் எங்கும் போகவில்லை. பத்து கிலோ பொன்னி அரிசி வரவேண்டியிருந்தது. இரண்டிலிருந்து நாலு மணிக்குள் என்று நான்தான் நேரம் குறித்திருந்தேன். அந்த நேரத்தில் வீட்டில் இல்லாவிட்டால் தபால்பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மறுபடி அந்த டெலிவரிக்காரர் அதே பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். மனைவியும் மகளும் கசாய் ரின்காய் பூங்காவுக்குப் போய்விட்டார்கள். 117 மீட்டர் ராட்டினத்தைப் பார்க்க என்று பேர். உண்மையான காரணம், அங்கே மகள் ஓடலாம்.

வீட்டுக்குள் ஓடக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் எங்கள் கட்டடத்தின் எல்லாத் தபால்பெட்டியிலும் ஒரு அறிவிப்பு கிடந்தது. 'குழந்தைகளின் காலடிச் சத்தம் குறித்துச் சில குடியிருப்பாளர்கள் தெரிவித்திருக்கிறார்கள், அனைவரும் கவனமாக இருக்கும்படி வேண்டுகிறோம்.' பேர் இல்லை, கதவு எண் இல்லை. கட்டடத்தில் இருக்கும் ஒரே குழந்தை எங்களுடையது. அன்று சாயங்காலமே போய் ரப்பர் பாய் வாங்கிக் கூடம் முழுக்க விரித்தேன். சட்னி அரைக்கிற அன்று மிக்ஸிக்கு அடியில் இரண்டாக மடித்த துண்டு. குக்கர் விசிலுக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஆட்கள் ஜப்பானின் அமைதியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஏதோ ரத்தத்திலேயே ஊறி வந்த குணம் போல எழுதுகிறார்கள். முதல் வருஷம் நானும் அப்படித்தான் எழுதினேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த அமைதி தானாக வந்ததில்லை. வாடகை ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறது, தபால்பெட்டியில் ஒரு காகிதம் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பாட்டி டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. குறை சொல்லவில்லை. நேற்று மத்தியானம் அதை அனுபவித்தவன் நான்தானே. பால்கனியில் காயப்போட்ட மெத்தை, சாய்ந்து வரும் நவம்பர் வெயில், எங்கோ தூரத்தில் இஷி யாகி இமோ வண்டியின் இழுவைக் குரல். சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கிறவனுக்கு மட்டும் இந்த ஊரில் கத்த அனுமதி உண்டு போலிருக்கிறது.

மூன்று மணி வாக்கில் அம்மாவைக் கூப்பிட்டேன். மன்னார்குடியில் பதினொன்றரை.

"என்னப்பா, திங்கக்கெழமை வேலைக்குப் போவலயா?"

நாளின் பேரைச் சொன்னேன். "யாரு யாருக்கு நன்றி சொல்றது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 1948ஆம் வருஷச் சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கிறது: உழைப்பை மதித்து, உற்பத்தியைக் கொண்டாடி, மக்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ள. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இதே நாள் நீனாமே சாய், அந்த வருஷத்துப் புது அரிசியைச் சக்கரவர்த்தி தெய்வங்களுக்குப் படைக்கும் சடங்கு. அரண்மனைக்குள் இன்றும் நடக்கிறது. "பொங்கல்னு சொல்லு" என்று அம்மா இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, மழை விடவில்லை, வயலில் தண்ணீர் நிற்கிறது என்று தன் கவலைக்குப் போய்விட்டார்.

புது அரிசி இங்கே கடைகளில் வந்துவிட்டது, ஷின்மாய் என்று ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள். இந்த 2025 நவம்பரில் ஐந்து கிலோ நாலாயிரம் யென்னுக்கு மேல். அதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் இதில் பாதி. அரிசி விலை கேட்டு ஜப்பான்காரர் முகம் சுளிப்பதைப் பார்க்கும் நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை.

மூன்றே முக்காலுக்கு அழைப்பு மணி. எங்களுடையது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அறுபது வயதுக்குக் குறையாத மனிதர், அரிசிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். குளிரிலும் நெற்றியில் வியர்வை. சொன்ன நேரத்துக்குள் வந்துவிட்டு 'காக்க வைத்துவிட்டேன்' என்று குனிகிறார். உழைப்புக்கு நன்றி சொல்லும் லீவு நாளில், லீவு இல்லாமல் உழைக்கிறவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். சட்டப்படி நான் அவருக்கு நன்றி சொல்லவேண்டிய நாள். எனக்கு வாயில் வந்தது வழக்கமான அரிகாதோ கொசைமாஸ் மட்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படியில் இறங்கும்போதும் சத்தமே வராமல் இறங்கினார். அதையும் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

அப்புறம் மத்தியானம் கெட்டுவிட்டது. மகள் ஞாபகம் வந்தது. போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா வீட்டுக் கூடத்தில், அவ்வளவு பெரிய கூடத்தில், அவள் நுனிக்காலில் நடந்தாள். "புள்ள கால்ல முள்ளு கிள்ளு குத்திருக்கா பாரு" என்று அம்மா உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே யாரும் இல்லை கண்ணு, தரைதான் இருக்கிறது என்று நான் சொன்னேன். நாலு நாள் ஆயிற்று அவள் நம்புவதற்கு. ஐந்தாம் நாள் திண்ணையிலிருந்து குதித்த சத்தம் தெருமுனை வரை கேட்டது.

நாலரைக்கெல்லாம் இங்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. தினமும் சாயங்காலம் பேரிடர் ஒலிபெருக்கியில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டைப் போடுவார்கள். பிள்ளைகள் வீடு திரும்ப என்று சொல்வார்கள். நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தால் அந்தக் கருவி வேலை செய்யுமா என்று பார்க்கும் சோதனையும் அதுதான். மெட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மகள் ஷூவைக் கழற்றிவிட்டு, ரப்பர் பாயில் நுனிக்காலில் வந்து, காதோரமாக, "அரிசி வந்துச்சாப்பா?" என்றாள்.

வந்துவிட்டது. குக்கரை ஏற்றினேன்.