முக்கால் வட்டு காலி, ஆனாலும் இடமில்லையாம்!

ஒரு டெராபைட் வட்டில் முக்கால் பங்குக்கு மேல் காலியாகக் கிடக்கும்போது, "சாதனத்தில் இடம் மீதமில்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும் துணிச்சல் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மட்டுமே உண்டு. நேற்றிரவு வழக்கமான ஒரு புதுப்பிப்பின் நடுவில் அந்தச் செய்தி வந்து நின்றது. இதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் பொறுத்திருங்கள், உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

தகராறு முழுவதும் பூட் பகிர்வில், அதாவது கணினி எழும்போது தேவைப்படும் கோப்புகளுக்கென்று வட்டில் பிரித்துவைத்த பகுதியில். கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டை முழுமையாகக் குறியாக்கம் செய்தால், அதைத் திறப்பதற்கு முன்பே இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் படித்தாக வேண்டும் என்பதால், குறியாக்கம் இல்லாத ஒரு சிறு பகிர்வை வழக்கமாகத் தனியே வைப்பார்கள். அது நியாயம். ஆனால் அந்தப் பகிர்வுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்று நிறுவியானது என்னை ஒரு வார்த்தை கேட்டதா? ஒரு டெராபைட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 700 மெகாபைட்டை அளந்து ஊற்றிவிட்டுப் போய்விட்டது. இன்றைக்கு ஒரு கெர்னல், கணினி எழும்போது தனக்குத் துணையாக ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்போடு சேர்ந்து 100 மெகாபைட்டை அநாயாசமாகத் தாண்டுகிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான டிரைவர்களும் அதற்குள் ஏறிக்கொண்டால் இன்னும் கொழுக்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வந்து சேரும். பழையதோ "எதற்கும் இருக்கட்டும்" என்று அங்கேயே படுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதைக் கண்டுபிடிக்கக் கணினி அறிவியல் பட்டம் வேண்டியதில்லை.

இதில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது, நிரல்களை நிறுவிப் புதுப்பிக்கும் ஏபிடியின் போலி மரியாதை. புதுப்பிப்பைத் தொடங்குவதற்கு முன், "இந்தச் செயலுக்குப் பின் இத்தனை மெகாபைட் கூடுதல் இடம் பயன்படுத்தப்படும், தொடரலாமா?" என்று வங்கி மேலாளர் போல் பணிவாகக் கேட்கும். கேட்பவர், அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே கேட்கிறார் என்று நாமும் நம்பி ஒப்புதல் தருவோம். உண்மையில் என் கணினியில் இருக்கும் ஏபிடிப் பதிப்பில் அந்த எண், பொதிகள் (நிரல்கள் வந்திறங்கும் மூட்டைகள்) தங்கள் அளவு இவ்வளவு என்று அறிவித்துக்கொண்டதைக் கூட்டிச் சொல்வது மட்டுமே. எந்தப் பகிர்வில் எவ்வளவு போய் விழும் என்பது அதில் இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் கோப்போ, பொதி விரிந்த பிறகு நம் கணினியிலேயே உருவாக்கப்படுவதால், கணக்கிலேயே வராது. அதாவது, உண்மையில் இடத்தை அடைக்கப்போகிற ஆசாமியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பாதி வழியில், கோப்புகளைச் சுருக்கும் நிரலிடமிருந்து "ஸெட்எஸ்டிடி: பிழை 70, எழுத முடியவில்லை" என்று ஒரு வரி. அத்தோடு எல்லாம் அந்தரத்தில் தொங்கியது.

சரி, இடம்தானே இல்லை, பழைய கெர்னலைத் தூக்கிவிடலாம் என்று, தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்தேன். முடியாதாம்; பாதியில் நிற்கும் பொதியை முதலில் அமைத்து முடிக்க வேண்டுமாம். அதை அமைக்கச் சொன்னால், அதற்குப் பூட் பகிர்வில் இடம் வேண்டுமாம். இடத்துக்காகப் பழையதை நீக்கச் சொன்னால், முதலில் புதியதை அமைத்து முடி என்கிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதை யாரோ சிரத்தையாக நிரலாக எழுதி, சோதித்து, வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கீழே, உடைந்ததைச் சரிசெய்யும் கட்டளையை முயன்று பாருங்கள் என்று ஓர் அறிவுரை வேறு. அதை முயன்றால், முந்தைய பிழையே எழுத்துப் பிசகாமல் வந்து நிற்கிறது. அதன் அடியில், மறுபடியும் அதே அறிவுரை!

உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்பதை நான் அறிவேன். இந்தப் பெருமையைச் சொல்லித்தானே வீடு வீடாக ஆள் சேர்க்கிறோம். அந்த 500 இயந்திரங்களுக்கும் சம்பளம் வாங்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என் வீட்டுக் கணினிக்கு நான்தான் நிர்வாகி, நான்தான் பயனர், இரவு பன்னிரண்டு மணிக்குத் திட்டு வாங்குவதும் நான்தான். நண்பர்களிடம் புலம்பினால், ஒருவர் வேறு டிஸ்ட்ரோவுக்கு, அதாவது லினக்ஸின் வேறொரு வகைக்கு, மாறச் சொல்கிறார். இன்னொருவர், யார் உன்னைக் குறியாக்கம் செய்யச் சொன்னது என்கிறார். மூன்றாமவர் இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்று கேட்டு, ஏதோ நான் கோயில் பிரசாதத்தில் உப்பில்லை என்று சொல்லிவிட்டதைப் போல் பார்க்கிறார்.

கடைசியில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்ன வைத்தியம், பழைய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைக் கையாலேயே அழித்துவிடு என்பது. சார்புகளைக் கணக்கிட்டு, பதிப்புகளை ஒப்பிட்டு, கையொப்பங்களைச் சரிபார்க்கும் அத்தனை பெரிய பொதி மேலாண்மை அமைப்பு இருந்தும், முடிவில் ஒரு மனிதன் டெர்மினலைத் திறந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, வால்போல் நீண்ட பதிப்பு எண்களில் இப்போது ஓடும் கெர்னல் எது என்று யூநேம் கட்டளையால் உறுதிசெய்து, தவறியும் அதைத் தொடாமல் மற்றொன்றை அழிக்க வேண்டும். ஒரே ஓர் இலக்கம் பிசகினால், அடுத்த முறை கணினியைப் போடும்போது, மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற கெர்னல் பேனிக், அதாவது கெர்னலே செயலற்றுப்போகும் பெரும்பிழை, வந்து திரை உறைந்துவிடும்.

அந்த அபாயத்துக்கு அஞ்சி, எதற்கும் முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று வெளி வட்டைச் செருகினேன். கணினி அதை ஏற்கவில்லை. வந்த செய்தியின் சாரம் இது: கோப்பு முறைமையின் வகை தவறாக இருக்கலாம், கொடுத்த விருப்பம் தவறாக இருக்கலாம், சூப்பர்பிளாக் கெட்டிருக்கலாம், துணை நிரல் ஏதோ இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறு ஏதேனும் பிழை. அல்லது வேறு ஏதேனும் பிழையாம்! அதைப் படித்ததும் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பக்கத்து அறையில் விளக்குப் போடும் அளவுக்குச் சிரித்தேன். கெர்னலின் பதிவேட்டைத் தோண்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. என் தம்பி அந்த வட்டைத் தன் விண்டோஸ் மடிக்கணினியிலிருந்து முறையாகக் கழற்றாமல் பிடுங்கியிருக்கிறான்; அதனால் அது "அழுக்கு" என்று குறிக்கப்பட்டிருக்கிறது; இனி விண்டோஸில் செருகிச் சரிபார்த்துக் கொண்டுவருவதுதான் பாதுகாப்பான வழியாம். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியிருக்கலாம்தான். ஆனால் லினக்ஸைக் காப்பாற்ற விண்டோஸ் வேண்டும் என்று அவனிடம் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?