அந்த வீடியோவைப் பகிர்ந்த சொந்தபந்தங்களுக்கு

இன்று காலை வரை அந்த வீடியோ எனக்கு ஆறு வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் கைதட்டும் பொம்மை. எந்த வீடியோ என்று கேட்பவர்கள் பாக்கியசாலிகள், இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அந்த வீடியோவில், நீட் எழுதி இரண்டாம் முறையும் இடம் கிடைக்காத பிள்ளையைக் கூட்டத்தில் எழுப்பி, "எங்கம்மா கோட்டை விட்டே?" என்று கேட்டு, "உழைப்புலங்க ஐயா" என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கினாரே சிறப்பு விருந்தினர்! நல்ல கணீர்க் குரல் அவருக்கு. (அது உழைத்து வாங்கியதா, பிறக்கும்போதே வந்ததா என்று யாராவது கேட்டிருக்கலாம்.)

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உழைத்தும் வராமல் போவது உண்டு. நிறையவே உண்டு.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கு வரவில்லை.

2000-ல் என்னை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்த்தார்கள். அந்தச் சித்திரையில் அப்பா எங்கள் மயிலைக் காளை ஜோடியைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். வெறுங்கையோடு நடந்து வந்தார். ஃபீஸ் கட்டியாயிற்று. விடுதியில் காலை நாலரைக்கு மணி அடிக்கும், இரவு பதினொன்று வரை படிப்பு. அதற்கு மேலும் நான் பாத்ரூம் விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன். இயற்பியல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கணக்கில் எண்ணை மாற்றிக் கொடுத்தால் கை அப்படியே நின்றுவிடும். பக்கத்துக் கட்டில்காரன் படிப்பு நேரத்திலேயே பாதி தூங்குவான். ரிசல்ட் வந்தபோது இயற்பியலில் அவன் 200-க்கு 198, நான் 127. அதில் 50 செய்முறைத் தேர்வு, அது எல்லோருக்கும் விழுந்தது. மிச்சத்தை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள், எனக்குத்தான் கணக்கு வராதே.

"அப்போ உழைக்காதேன்னு சொல்றியா?" என்று ஒருவர் உடனே வருவார். இல்லைங்க. உழைக்கட்டும். முடியாதபோது சோம்பேறிப் பட்டம் கட்டாதீர்கள் என்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

"சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாரு" என்பார்கள். பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் ஒரே பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட் ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கியபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அதே புழுதியில் அதே டென்னிஸ் பந்தை வீசிய மற்ற பையன்களெல்லாம் என்ன, வீட்டில் படுத்தா கிடந்தார்கள்?

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் தேறிவிடலாம் என்று ஒரு மந்திரம் வேறு. 1993-ல் எரிக்சன் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது அது. அந்த மாணவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அங்கே இடம் கிடைத்தவர்கள் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. பத்தாயிரம் என்பதும் சராசரிதான், அதைப் பொது விதியாக்கியது தப்பு என்று எரிக்சனே பின்னால் சொன்னார். 2014-ல் இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் பயிற்சியால் வந்தது விளையாட்டில் 18 சதவீதம், படிப்பில் 4. நாலு!

வள்ளுவரையும் இழுப்பார்கள். "மெய்வருத்தக் கூலி தரும்" என்றுதான் அவர் எழுதினார். கூலி. முதல் பரிசு என்று எழுதவில்லை.

திறமை, தகுதி என்று பேசித்தான் ஒரு காலத்தில் நம்மையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று ஒரு தம்பி உள்பெட்டியில் எழுதியிருந்தார். நியாயம். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

அப்புறம் என் மச்சான். வீடியோவை முதலில் அனுப்பியவர் அவர்தான், "சாட்டையடி" என்று எழுதி. மில் முதலாளி, ஊரில் மரியாதையான ஆள். வள்ளி கும்மிப் பயிற்சிக்கு எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் வருகிறார். வலது கால் போக வேண்டிய இடத்தில் இன்னும் இடது கால்தான் போகிறது. வாத்தியார் அவரைக் கடைசி வரிசையில் கம்பத்தை ஒட்டி நிறுத்தியிருக்கிறார். நான் போய் "மச்சான், உழைப்பு பத்தலைங்க" என்று சொன்னேனா? பாவம், வீட்டு மொட்டை மாடியிலும் ஆடிப் பார்க்கிறார் என்று அக்கா சொல்கிறாள். வரவில்லை. விட்டுவிட்டோம்.

"நீ தேறலை, அதனால புலம்புறே" என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாங்க. தேறாதவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

அப்பா திட்டவில்லை. மார்க் ஷீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படிச்சிருந்தா வந்திருக்குமல்லோ கண்ணு" என்றார். ஒரு வயசுக் கன்றின் நடையைப் பார்த்தே, இது வண்டிக்கு ஆகும், இது ஏருக்குத்தான் என்று சொல்லிவிடுகிற மனுசன். ஏருக்கு ஆன மாட்டை ஒரு நாளும் அவர் சோம்பேறி என்று ஏசியதில்லை. என் விசயத்தில் மட்டும் அந்தக் கண் எங்கே போனது? நான் படித்தேன் என்பதை அவர் கடைசி வரை நம்பவில்லை. பாத்ரூம் விளக்கைப் பற்றி நானும் சொல்லவில்லை. சொன்னால் காளையும் போய், பையனுக்கு மண்டையும் இல்லை என்று ஆகியிருக்கும். சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளையும் "உழைப்புலங்க ஐயா" என்றாளே, அது உண்மைதானா என்று யாருக்குத் தெரியும்?

வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவள் முகம் தெளிவாகத் தெரிகிறது.