முதல் ஜெபம் எங்கே வருகிறது என்று பார்ப்பேன்

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எனக்கு ஒரு மணி நேரம் படிக்கக் கிடைக்கும். அவ்வளவுதான். சாயங்காலம் திரும்பும்போது கண் சொருகிவிடும், வீட்டுக்குப் போனால் சமையல், பையனின் வீட்டுப்பாடம், குடும்ப ஜெபம். ஒரு நாவலை முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அத்தனை நாள் கூட வந்த கதை கடைசியில் கைவிட்டால் மனசு நிஜமாகவே வலிக்கிறது.

நான் அதிகம் படிப்பது அமெரிக்க, கனடா கிறிஸ்தவக் காதல் நாவல்கள். என்னைத் திரும்பத் திரும்ப ஏமாற்றியது ஒரே விஷயம். நாயகி விசுவாசி, நாயகன் இல்லை. விசுவாசம் இல்லாதவரோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்பட வேண்டாம் என்று வேதத்தில் பவுல் எழுதியிருப்பதால் அவளால் அவனைக் கட்டிக்கொள்ள முடியாது. உண்மையான சிக்கல், நம் வீடுகளிலும் நடப்பதுதான். ஆனால் கதை என்ன செய்கிறது? கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அவனை ஒரு விபத்தில் மாட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனந்திரும்ப வைத்து, அடுத்த அத்தியாயத்தில் மோதிரம் மாற்றிவிடுகிறது. இரட்சிப்பைக் கல்யாணத்துக்கு வழியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரம் இல்லை என்று சின்னப் புத்தகமாகத் தேடுவதிலும் பயனில்லை. 1991இல் வந்த ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ நானூறு பக்கத்துக்கு மேல், ஆனாலும் அது என்னைக் கைவிடவில்லை. துரோகம் செய்த மனைவியைத் திரும்ப அழைத்துக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் கதையை கலிபோர்னியாவில் தங்கம் தேடி ஜனம் குவிந்த காலத்துக்குக் கொண்டுபோய் எழுதியது. விட்டுப்போன மனைவியைத் தேடிப்போய் அழைத்து வருகிற மைக்கேல், கடைசி முறை தேடிப் போவதில்லை. மூன்று வருஷம் காத்திருக்கிறான். அவளும் அந்தக் காலத்தில்தான் சொந்தக் காலில் நின்று, தானாகத் திரும்பி வருகிறாள். (சிறுமியாகவே விற்கப்பட்டவளின் கதை, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.)

ஜேனட் ஓக் 1979இல் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ எனக்கு இன்னும் நெருக்கம். மார்ட்டி கணவனைப் புதைத்த அன்றே, முன்பின் தெரியாத கிளார்க் வந்து கேட்கிறான்: என் பெண் குழந்தைக்குத் தாய் வேண்டும், பெயருக்குக் கட்டிக்கொள், ஊர் திரும்ப வேண்டுமென்றால் வழிச்செலவு நான் தருகிறேன். அவளுக்குச் சமைக்கத் தெரிந்தது பான்கேக் மட்டும். வேளைக்கு வேளை அதையே சுட்டு வைக்கிறாள், அவன் குறை சொல்லாமல் சாப்பிடுகிறான். காலையில் சாப்பாட்டு மேஜையில் வேதம் வாசித்து ஜெபிக்கிறான். அவளை மாற்ற அவன் பிரசங்கம் எதுவும் செய்வதில்லை, தினமும் காதில் விழுகிற அந்த ஜெபந்தான் மெல்ல வேலை செய்கிறது. எனக்கு வேண்டியது இந்த மெதுவான வளர்ச்சி.

அதனால் இப்போது வாங்குவதற்கு முன் கிண்டிலில் மாதிரிப் பகுதியை இறக்கி, முதல் ஜெபம் வரும் இடத்தைத் தேடுவேன். ஜெபித்து எழுந்தவர் அப்புறம் என்ன செய்கிறார்? கோபத்தை அடக்குகிறாரா, யாருக்காவது சோறு போடுகிறாரா? ஒன்றும் மாறவில்லை என்றால் அந்த ஜெபம் வெறும் அலங்காரம், புத்தகத்தை விட்டுவிடுவேன். அட்டையை நம்புவதில்லை. ஆமிஷ் (பழைய முறையில் எளிமையாக வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவக் குழு) தொப்பி போட்ட பெண் படத்தோடு எவ்வளவோ வருகின்றன, உள்ளே தரம் ஒன்றுபோல இல்லை. கிறிஸ்தவ நாவல்களுக்கு 2000 முதல் கொடுக்கப்படும் கிறிஸ்டி விருதுகளின் பட்டியலில் இருந்து தொடங்குவது எனக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

இடையில் வேதத்தில் உள்ள ரூத் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். நான்கே அதிகாரம், ரயில் குழித்துறை தாண்டுவதற்குள் முடிந்துவிடும். விதவையான ரூத்தைக் கட்டிக்கொள்ளும் போவாஸ் காதல் வசனம் எதுவும் பேசுவதில்லை. ஆறுபடி வாற்கோதுமையை அவள் போர்வையில் அளந்து போட்டு, மாமியாரிடம் வெறுங்கையாகப் போகாதே என்று அனுப்புகிறான். அப்படி ஆறுபடி அளந்து போடுகிற ஆள் வரும் நாவல் உங்களுக்குத் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள். கையில் இருப்பது திங்கட்கிழமை முடிந்துவிடும்.