எங்கள் கடலை அவர் பார்க்கவே இல்லை

நான்கு வருடம் காத்திருந்து வாங்கிய நாவல். இந்த எழுத்தாளர் எழுதிய எல்லாப் புத்தகமும் என் அலமாரியில் இருக்கிறது. இந்த முறை கதை எங்கள் பாம்பன் கரையில் நடக்கிறது என்றதும் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

முப்பதாம் பக்கத்திலேயே மனசு விட்டுப்போனது. இன்றைக்கு நடக்கும் கதையில், மே மாதம் கதாநாயகியின் அப்பா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஐயா! படகெல்லாம் மராமத்தும் பெயின்ட் வாசனையுமாகக் கிடக்கும் நேரம் அது. கரையில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களே.

சரி, அதை விடலாம். கடல்பாசி எடுக்கும் பெண்களைக் 'கடலின் தேவதைகள்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. பாறையில் விரல் கிழியாமலிருக்க, என் சித்தி பழைய துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போடுவார். திரும்பி வந்து அவிழ்க்கும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஒரு கிழவியின் கையை மட்டும் வைத்து ஒரு அத்தியாயமே எழுதியவர் அவர். அந்தக் கண் எங்கே போனது?

சித்திக்கு வாசித்துக் காட்டலாம் என்றுதான் வாங்கினேன். இன்னும் காட்டவில்லை.