கேட்டும் கிடைக்கவில்லை, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்

அண்ணன் மகளுக்குத் திங்கட்கிழமை முதல் வேலை. சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனி. ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லி மெயில் போட்டிருக்கிறாள். "எல்லா ஃப்ரெஷருக்கும் ஒரே பேக்கேஜ்தான்" என்று ஒற்றை வரியில் பதில். நேற்று ராத்திரி போன் செய்து, "இதை மனசுல வச்சுக்குவாங்களா அத்தை?" என்று கேட்டாள். அண்ணன் வேறு, "கிடைச்சதை வாங்கிக்காம பேரம் பேசுறியே, இதென்ன கத்தரிக்காயா?" என்று திட்டியிருக்கிறார். கத்தரிக்காய்க்குப் பேசலாம், நாலு வருஷம் கடன் வாங்கிப் படித்த படிப்புக்குப் பேசக்கூடாதாம்.

2015இல் நானும் கேட்டவள்தான். வருஷத்துக்கு 3 லட்சம் என்றார்கள், நான் 3.6 கேட்டேன். ஹாஸ்டல் தோழிக்கு வேறு இடத்தில் அவ்வளவு கொடுத்திருந்தார்கள், எனக்குக் கல்விக் கடன் தவணை மாதம் 4,600. இரண்டையும் அப்படியே எச்.ஆர். மேடத்திடம் ஒப்பித்தேன். என் கடனுக்கும் அவர்கள் பட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு என்ன வேலை தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடியாது என்றார். சரி மேடம் என்று கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் பாதியில் சேர்ந்தேன். முதல் நாள் ஐ.டி. கார்டு கொடுத்தது அதே மேடம். தலையைக் குனிந்துகொண்டே நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த காலேஜ்மா?" என்றார். நான் மூன்று வாரம் தூக்கம் கெட்டுக் கிடந்த பேச்சு அவருக்கு ஞாபகமே இல்லை! நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது.

நிஜமான அடி நவம்பர் கடைசியில் விழுந்தது. 3 லட்சத்தை 12ஆல் வகுத்து, மாதம் 25,000 என்று கணக்குப் போட்டு, அம்மாவுக்கு அனுப்ப 5,000 ஒதுக்கி வைத்திருந்தேன். அக்கவுண்டில் விழுந்தது 19,219. வேலையைப் பார்த்துப் பின்னால் தரும் வேரியபிள் என்று 2,500 தனியே நிற்கிறது. கம்பெனி கட்டும் பி.எஃப். (சேமநிதி) 1,200, என் பங்கு இன்னொரு 1,200. கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) 481, இன்ஷூரன்ஸ் 400. இத்தனையும் அந்த 3 லட்சத்துக்குள்தான் அடக்கம். பி.எஃப். நம் காசுதான், ஆனால் வேளச்சேரி ஹவுஸ் ஓனரிடம் அதை நீட்ட முடியுமா? கிராஜுவிட்டிக்கு அப்போது ஐந்து வருஷம் முடிக்க வேண்டும், நான் மூன்றரை வருஷத்தில் கிளம்பிவிட்டேன். வேரியபிளும் முதல் வருஷம் பாதிதான் வந்தது. (அந்தச் சம்பளத்தையும் உடனே எடுக்க முடியவில்லை. டிசம்பர் 1 மழையில் ஊரே மூழ்கி, ஏ.டி.எம். எல்லாம் படுத்துவிட்டன.)

கூட்டிப் பார்த்தேன். மாதாமாதம் கைக்கு வராதது வருஷத்துக்கு 69,372. நான் கேட்டுத் தோற்றது 60,000.

இன்னொன்றும் கேட்காமல் விட்டிருந்தேன். செப்டம்பர் 30க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அடுத்த ஏப்ரலில் இன்கிரிமென்ட் கிடையாது என்பது அங்கே விதி. பதினைந்து நாள் தள்ளிச் சேர்ந்ததற்கு 2017 ஏப்ரல் வரை அதே சம்பளம். சேரும் தேதியை முன்னால் தள்ள முடியுமா என்று கேட்டிருந்தால் ஒருவேளை மேடம் சரி என்றிருப்பார். அவருக்கு அதில் செலவில்லை.

"முதலில் அனுபவம், சம்பளம் அப்புறம்" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேருக்கு ரூம் வாடகை அப்பா கட்டியிருப்பார். அதே சமயம், "கொடுக்கிற காசுக்கு இவ்வளவு வேலை போதும்" என்று முதல் மூன்று மாதம் நான் முறுக்கிக்கொண்டு திரிந்ததும் வீண்தான். என் டீமில் யாருக்கும் நான் சம்பளம் கேட்ட கதையே தெரியாது. ஏதோ மந்தமான பெண் என்று நினைத்து, நல்ல வேலையெல்லாம் பக்கத்து சீட் பையனுக்குக் கொடுத்தார்கள்.

அதனால் மருமகளிடம், கூட்டித் தரச் சொல்லி மறுபடி கெஞ்சாதே என்றேன். மாதம் கைக்கு எவ்வளவு, வேரியபிள் எத்தனை சதவீதம், முதல் இன்கிரிமென்ட் எந்த மாதம் என்று மூன்றே வரியில் ஒரு மெயில் போடச் சொன்னேன். "மறுபடியுமா அத்தை?" என்று இழுத்தாள். போட்டுவிட்டாள்.

இன்று மதியம் பதில் வந்துவிட்டதாம். கைக்கு 24,600. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தெரு முழுக்க 4 லட்சத்தை 12ஆல் வகுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.